இடது பக்க இண்டிகேட்டர்

எங்கள் அத்தானுக்கு வெறும் இரும்பைக் கண்டால் ஆகாது. கதவுக் கீல், ஜன்னல் கொக்கி, ஆணித்தலை என்று எதுவாக இருந்தாலும் சரி, பெயின்ட் படாமல் பல்லை இளித்துக்கொண்டு நின்றால் அவர் கை பரபரக்க ஆரம்பித்துவிடும். நாற்பது வருஷமாகப் பெயின்டர். வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிக் கட்டில், பூங்கா ஊஞ்சல் எல்லாவற்றிலும் அவர் கை பட்டிருக்கிறது. எதற்கும் ரெண்டு கோட். "அவசரம், ஒரு கோட் போதும்" என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கே பிரஷைக் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். அதனால் தெருவில் அவருக்கு 'ரெண்டு கோட்டு' என்றே பெயர். தபால்காரர்கூட வாசலில் நின்று அப்படித்தான் கூப்பிடுவார். அத்தானும் "இதோ வந்துட்டேன்" என்று சிரித்துக்கொண்டே போவார்.

நான் அவருக்குக் கொழுந்தியாள். அக்காவும் அவரும் கீழ்வீட்டில், நான் மாடியில். ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். "எங்க போகணும், எத்தனை பேர், அடுத்த ஆள் வாங்க" இவ்வளவுதான் என் பேச்சு. அத்தான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து முடிப்பதற்குள் நான் நாலு பேரை ரயிலேற்றிவிடுவேன். அந்த மனிதரோடு குடித்தனம் நடத்த அக்கா ஒருத்தியால்தான் முடியும்.

அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். அவளுக்குக் காதுதான் எல்லாம். போனில் ஒருவர் தொண்டையைச் செருமினாலே எந்த வார்டு டாக்டர், இன்றைக்குக் கோபமா சந்தோஷமா என்று சொல்லிவிடுவாள். இவர்கள் இரண்டு பேருக்கும் முடிச்சு விழுந்ததே அந்த டெலிபோன் அறையில்தான். அத்தான் அப்போது வாலிபர். ஆஸ்பத்திரிக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர் ஒரு விடுமுறை நாளில் அந்த அறையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் காலையில் அக்கா போனை எடுத்தால் எல்லா லைனிலும் ஒரே இரைச்சல். டாக்டர் ரத்தம் கேட்கிறாரா காபி கேட்கிறாரா என்று புரியவில்லை. டெலிபோன் மெக்கானிக் வந்து மதியம் வரை உருண்டு புரண்டு கடைசியில் கண்டுபிடித்தார். சுவரோரமாகப் போகும், கரண்டைத் தரைக்கு இறக்குகிற எர்த் பட்டையைக் கழற்றி, அது போர்டோடு ஒட்டுகிற இடத்துக்கும் சேர்த்து ரெண்டு கோட் அடித்து, அழகாகத் திரும்ப மாட்டி வைத்திருந்தார் நம்மவர்.

அக்கா ஆள் அனுப்பிக் கூட்டிவரச் சொல்லி, பத்து நிமிஷம் நிறுத்தாமல் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள். அவர் மண்டி போட்டுச் சுரண்டி முடித்துவிட்டு, "இன்னும் இரையுதாங்க?" என்று கேட்டாராம். இல்லை என்றாளாம் அக்கா. "எதுக்கும் நாளைக்கும் ஒரு தடவை வந்து கேட்டுட்டுப் போறேன்" என்றாராம். அப்படி விடாமல் பத்து நாள் வந்து கேட்டார். அந்த வருஷமே கல்யாணம். முப்பத்தோரு வருஷம் ஆகிறது, இன்னும் நான் இதைச் சொல்லி அவரை ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கார் பிறகு வந்தது. ஒரு பல் டாக்டர் வீட்டை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போகும்போது, "ஷெட்டுல ஒரு பழைய வண்டி கிடக்கு, நீயே எடுத்துக்கோ, எனக்கு இடம் காலியானா போதும்" என்று அத்தானிடம் கொடுத்துவிட்டுப் போனார். தகரமும் துருவுமாக வந்த வண்டி. அத்தான் ஒரு மழைக்காலம் முழுக்க அதோடு மல்லுக்கட்டி, இளம்பச்சை நிறத்தில் வெளியே கொண்டுவந்தார். இப்போது அதற்கு வயது ஐம்பத்தி நாலு. அக்காவைக் காலையில் ஆஸ்பத்திரியில் விடுவதும் சாயங்காலம் கூட்டிவருவதும்தான் அதன் வேலை.

ஏழு மாசத்துக்கு முன்னால் அக்கா என் மாடிப்படியில் விழுந்தாள். நான் மறந்துவிட்டு வந்த குடையைக் கொடுக்க மேலே வந்தவள், கடைசிப் படியில் கால் இடறி இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். அந்தக் குடையை நான் அதற்குப் பிறகு விரித்ததே இல்லை. அறுவை சிகிச்சை நடந்தது, கம்பு பிடித்து நடக்கவும் ஆரம்பித்துவிட்டாள். ஆனால் தாழ்வான இடத்தில் உட்காரவே கூடாது, இடுப்பைத் திருகக் கூடாது, ஆட்டோவிலும் பஸ்ஸிலும் ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரு தடவை டாக்சி பிடித்தோம். இந்தக் காலத்துக் கார்களின் சீட்டெல்லாம் குழிக்குள் இருக்கிறது. அவள் போட்ட அலறலில் டிரைவர் இறங்கி நின்று கும்பிடு போட்டுவிட்டார்.

அத்தான் வண்டியில் அந்தத் தொல்லை இல்லை. கதவு விரியத் திறக்கும். முன்சீட்டு நாற்காலி உயரம், அகலமாக, தட்டையாக இருக்கும். பக்கவாட்டில் உட்கார்ந்து இரண்டு காலையும் சேர்த்து உள்ளே வைத்தால் போதும், ஆள் ஏறியாகிவிட்டது. அந்த டாக்சிக்குப் பிறகு அவள் வெளியே போனதெல்லாம் அந்த வண்டியில்தான். ஆஸ்பத்திரியிலும் அவள் நாற்காலியை ஏழு மாசம் காலியாக வைத்திருந்தார்கள். கடைசியில் ஒரு திங்கட்கிழமையைக் குறித்து, அன்றைக்கு வந்து உட்கார வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது.

அந்த நேரம் பார்த்துத்தான் வண்டிக்கு வருஷாந்திரச் சோதனை வந்தது. ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு எங்கள் சோதனை நிலையத்தில் இரண்டே வாய்ப்பு. இரண்டாவதிலும் தேறாவிட்டால் மறுநாளே வீட்டுக்கு வந்து நம்பர் பலகையைக் கழற்றிவிடுவார்கள். அத்தான் சோதனைக்காக ஒரு வாரம் லீவு போட்டு வண்டியின் முன்பக்கத்துக்கு மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி கூட்டிக்கொண்டு போனார். பிரேக் சரி, ஹாரன் சரி, வைப்பர் சரி. காதில் பேனா செருகிய இன்ஸ்பெக்டர் முன்னால் வந்து நின்று தலையை ஆட்டினார்.

"இடது பக்கம் முன்னாடி இண்டிகேட்டர் எரியலைங்க. பல்பை மாத்திட்டு அடுத்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள கொண்டு வாங்க. அதுதான் கடைசி."

அந்த வெள்ளிக்கிழமை போய் மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரியில் குறித்த திங்கட்கிழமை. இரண்டு நாள் கழித்து அக்கா ராஜினாமா கடிதத்தைத் தன் கையாலேயே எழுதி, கவரில் போட்டு, வண்டியின் டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை பாஸ் ஆகலன்னா நேரா ஆஸ்பத்திரிக்கு ஓட்டுங்க. இதைக் குடுத்துட்டு வந்துடலாம். வீட்டுக்கு வந்து ஒரு தடவை, அங்க போய் ஒரு தடவைன்னு என்னால அழ முடியாது" என்றாள். அத்தான் அந்தப் பெட்டியை மூடிவிட்டு அதன் மூடியைத் துணியால் துடைத்தார். அவருக்குச் செய்ய வேறெதுவும் தோன்றியிருக்காது.

பல்பு கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அடியில் இரண்டு பக்கமும் குமிழ் வைத்த பழைய மாடல். கடை கடையாக ஏறி இறங்கி, வியாழக்கிழமை ஒரு உதிரிபாகக் கடைக்காரர் பரணில் ஏறித் தூசியோடு இரண்டு பல்பைக் கொண்டுவந்து கொடுத்தார். அன்று சாயங்காலம் முற்றத்தில் வைத்து அத்தான் வேலையை ஆரம்பித்தார். இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினார். ஆரஞ்சுக் கண்ணாடியை எடுத்து, விளக்கின் உலோகக் கிண்ணத்தை வெளியே இழுத்தார். பல்பை உள்ளே அழுத்தி, லேசாகத் திருப்பி எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"உள்ள கம்பி அறுந்த மாதிரி தெரியலையேம்மா" என்றார் என்னிடம்.

"பழசு அத்தான். எங்கயாவது அறுந்திருக்கும். தூக்கிப் போட்டுட்டு அடுத்ததை மாட்டுங்க" என்றேன் நான். பல்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எதையும் அடுத்தது அடுத்தது என்று தள்ளுகிற வாய். அத்தான் அதைத் தூக்கிப் போடவில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

புது பல்பைப் போட்டு ஸ்க்ரூவை முடுக்கியதும் அக்கா முன்சீட்டில் இருந்தபடி இண்டிகேட்டரைத் தட்டினாள். விளக்கு மின்னி மின்னி எரிந்தது. நான் கை தட்டினேன். அக்கா தலையைச் சாய்த்து டேஷ்போர்டைக் கேட்டாள். "டக், டக்னு நிதானமா வருது. சத்தம் நல்லா இருக்கு" என்றாள். அன்று மூன்று பேரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டிருந்தேன். காலையில் கீழே இறங்கி வந்தால் அத்தான் வண்டிக்கு முன்னால் குந்தியிருக்கிறார். கையில் சின்ன டப்பா. விளக்கு திரும்பவும் கழன்று கிடக்கிறது.

"என்ன அத்தான் இது?"

"நேத்து கழட்டுறப்ப ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிடுச்சும்மா. ஸ்க்ரூ ஓட்டையைச் சுத்தி லேசா கீறல். விளக்குக்கு அடியிலதான், வெளிய தெரியாது."

"வெளிய தெரியாதுல்ல? விட்டுடுங்க."

"எனக்குத் தெரியுமே" என்றார்.

கீறலுக்கு ரெண்டு கோட் போட்டார். ஸ்க்ரூவிலும் பெயின்ட் உரிந்திருந்ததாம், அவற்றையும் முழுசாக முக்கி எடுத்து, கொடிக்கம்பியில் நூல் கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்தார். மதியம் எல்லாவற்றையும் மாட்டினார். நேற்று எரிந்த விளக்கு இன்றைக்கு எரியாமலா போகும் என்று யாரும் தட்டிப் பார்க்கவில்லை.

இரண்டரை மணிக்குக் கிளம்பினோம். தெருமுனையில் அத்தான் இடது பக்கம் திரும்ப இண்டிகேட்டரைப் போட்டார். டக் என்று ஒரே ஒரு சத்தம். அதோடு நின்றுவிட்டது.

"என்னங்க, இடது பக்கம் ஒரு டக்கோட அடங்கிடுச்சு" என்றாள் அக்கா.

"பழைய வண்டில அப்படித்தான் இருக்கும்" என்று பின்சீட்டிலிருந்து நான் சொன்னேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்க முடியாத நிலையில் இருந்ததால் பிழைத்தேன்.

சோதனை நிலையத்தில் எங்களுக்கு முன்னால் நாலு வண்டி. வரிசையில் நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தோம். பின்பக்க விளக்கு மின்னாமல் ஒரேயடியாக எரிந்துகொண்டிருந்தது. முன்பக்கம் கும்மிருட்டு. அத்தான் ஸ்க்ரூவைக் கழற்றி இரண்டாவது பல்பைப் போட்டார். எரியவில்லை. திரும்ப நேற்று எரிந்த புது பல்பையே போட்டார். அதுவும் எரியவில்லை. வரிசை நகர்ந்தது, வண்டியைத் தள்ளிக்கொண்டே போனோம். இப்போது முன்னால் மூன்று வண்டி.

"அந்தக் கடைக்காரன் ஓட்டை பல்பை நம்ம தலையில கட்டிட்டான். பரண்ல கிடந்ததை எடுத்துக் குடுத்தா எரியுமா?" என்று சத்தம் போட்டேன். பின்னால் லாரியில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். அத்தான் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஏணி உச்சியில் நின்றுகொண்டுகூட நேர்க்கோடு போடுகிற கை, ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டது. அவர் பார்வை அந்த டேஷ்போர்டு பெட்டி மேலேயே இருந்தது. எனக்கு அவர்மேல் ஆத்திரமும் பரிதாபமும் ஒன்றாக வந்தது.

"என்னங்க, இங்க வாங்க" என்று அக்கா ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது. ஆஸ்பத்திரிக் குரல். எதிர்முனையில் ஒருவர் பதறிக்கொண்டு கத்தும்போது அவள் பேசுகிற குரல்.

அத்தான் எழுந்து போனார்.

"நேத்து சாயங்காலம் சத்தம் சரியா இருந்துச்சு. இன்னிக்கு மதியம் சரியில்ல. நடுவுல யார் தொட்டது?"

"நான்தான்."

"என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலயே. ஒரு கீறல். அதுல லேசா..."

"லேசான்னா எத்தனை கோட்டு?"

அத்தான் என்னைப் பார்த்தார். "ரெண்டு" என்றேன் நான்.

அக்கா ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாளா அழுகையை அடக்குகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"டெலிபோன் ரூம்" என்றாள்.

அத்தானின் முகம் சுண்டிப்போனது. "அட கடவுளே" என்று நெற்றியில் ஓங்கி ஒரு அடி அடித்துக்கொண்டார்.

எனக்கு அப்புறம்தான் புரிந்தது. பல்புக்கு வரும் கரண்டு ஒயர் வழியாக வரும், ஆனால் திரும்பிப் போவதற்கு ஒயர் கிடையாது. விளக்கின் கிண்ணம் ஸ்க்ரூ வழியாக வண்டியின் இரும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும், அந்த இரும்பு வழியாகத்தான் போக வேண்டும். நடுவில் பெயின்ட் பூசிவிட்டால் வழி அடைத்துப்போகும். சோதனைக்கென்று முன்பக்கம் பெயின்ட் அடித்த அன்றே அத்தான் அந்த வழியை அடைத்துவிட்டார். வியாழக்கிழமை ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிப் போட்ட கீறல் தற்செயலாக அதைத் திறந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் இவர் உட்கார்ந்து மறுபடியும் ஒழுங்காக அடைத்து வைத்தார். பல்புகள் மூன்றும் ஒரு பாவமும் அறியாதவை.

முன்னால் ஒரே ஒரு வண்டி பாக்கி. அக்கா முன்னால் நிற்கிற வண்டியையே பார்த்துக்கொண்டிருக்க, அத்தான் உள்ளே கையை விட்டுத் துழாவி, பையிலிருந்து சுரண்டியை எடுத்தார். எடுத்தவர் விளக்கைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றார். அந்தப் பச்சைப் பரப்பில் கண்ணாடி மாதிரி உட்கார்ந்திருந்த பெயின்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அத்தான், சுரண்டுங்க!" என்று நான் கத்தினேன்.

"சுரண்டுறேம்மா" என்றார். சுரண்டினார். முதலில் ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றி, பிறகு கிண்ணம் உட்காருகிற வட்டம் முழுக்க. அவசரத்தில் விளக்கின் ஓரத்தையும் தாண்டி இரண்டு விரல் அகலத்துக்குச் சுரண்டிவிட்டார். ஸ்க்ரூவின் மரையைப் பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார். உள்ளே இரும்பு வெள்ளை வெளேரென்று வந்தது. அந்த நேரத்திலும் பெயின்ட் தூள் தரையில் சிந்தக் கூடாது என்று ஒரு கவரைக் கீழே ஏந்திப் பிடித்திருந்தார். அது என்ன கவர் என்று அப்போது நான் கவனிக்கவில்லை.

மாட்டி முடிக்கவும் இன்ஸ்பெக்டர் கையை அசைக்கவும் சரியாக இருந்தது. தட்டிப் பார்க்க நேரமில்லை. வண்டி உள்ளே போனது. நான் வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இடது பக்கம் போடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் விளக்கைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைத்தான் பார்த்தேன். அவள் தலையைச் சாய்த்தாள். கேட்டாள். பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினாள்.

இன்ஸ்பெக்டர் சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தார். போகும்போது விளக்கோரம் குனிந்து பார்த்து, "வண்டி நல்லா வச்சிருக்கீங்க. இந்த இடத்துல மட்டும் பெயின்ட் போயிருக்கு, கொஞ்சம் டச்-அப் பண்ணிக்குங்க" என்றார்.

"வேண்டாம்!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினோம். அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

வெளியே வந்து மரத்தடியில் நிறுத்தினோம். அக்கா டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தாள். கடிதம் இல்லை. அத்தான் தயங்கித் தயங்கிப் பக்கத்துக் கதவு இடுக்கிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். அதன் மேலும் உள்ளும் பச்சைத் தூள். 'மேலாளர் அவர்களுக்கு' என்று எழுதியதில் பாதி தெரியவில்லை.

"கைக்கு அகப்பட்டது அதுதான்" என்றார்.

வேண்டுமென்றே எடுத்தாரா என்று நான் பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். இன்றைக்கு வரைக்கும் அதே பதில்தான். அக்கா அந்தக் கவரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பெயின்ட் அப்பிய அவர் விரல்களைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் முதல் வேலையாகச் சட்டைப் பையில் இருந்த பழைய பல்பை எடுத்து மாட்டிப் பார்த்தார். ஜம்மென்று எரிந்தது. "பாவம், இதைப் போய்..." என்று சொல்லி அதையே அதன் இடத்தில் விட்டுவிட்டார். புது பல்பு இரண்டையும் துணியில் சுற்றி, கடிதம் இருந்த பெட்டியில் வைத்தார்.

விளக்கோரத்து இரும்பு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தூறல் போட்டபோது அத்தான் குடையோடு ஓடிப்போய் அந்த இரண்டு விரல் அகலத்தைத் துடைத்துவிட்டு வந்தார். பெயின்ட் டப்பா மூடியபடி ஷெட்டில் இருந்தது. அந்தக் கை எவ்வளவு பரபரத்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை நான் கவுண்டரில் இருந்தேன். எதிரே கூட்டம். என்னால் பொறுக்க முடியவில்லை. டிக்கெட் கேட்டவரைக் கையமர்த்திவிட்டு ஆஸ்பத்திரி நம்பரைச் சுற்றினேன். ஒரு மணிதான் அடித்திருக்கும்.

"வணக்கம், ஆஸ்பத்திரி. யார்கிட்ட பேசணும்?"

போனில் ஏழு மாசமாகக் கேட்காத குரல். ரிசீவரைப் பிடித்தபடி பேசாமல் இருந்தேன்.

என் பின்னால் ஸ்டேஷன் அறிவிப்பு அலறிக்கொண்டிருந்தது. பிறகு அக்கா சொன்னாள்.

"காலையிலேர்ந்து உங்க அத்தான் மூணு தடவை போன் பண்ணிட்டாரு. இப்ப நீ. ரெண்டு பேரும் பேசவே மாட்டீங்களா? போய் டிக்கெட்டக் குடுடி, எத்தனை பேர் நிக்கிறாங்க பாரு."